திருமலைப் பாறையில் ஒரு வினா

போளூரை அடுத்த திருமலைக்கு ஒருமுறையேனும் சென்று வணங்காத தமிழ்ச் சமணக் குடும்பம் இருப்பது அரிது. திருமண வேண்டுதல் நிறைவேறியபோதும், பிள்ளைகளின் தேர்வு முடிந்தபோதும், வெளிநாட்டிலிருந்து உறவினர் வந்திருக்கும் காலத்திலும் நாம் அங்குச் செல்கிறோம். வண்டியை மலையடியில் நிறுத்திவிட்டுக் கோபுர வாயிலைக் கடக்கிறோம். குந்தவை ஜினாலயத்தில் வணங்கி, குகை ஓவியங்களைக் கண்டு, படியேறிச் சிகாமணிநாதரின் திருவடியில் நிற்கிறோம். சற்றொப்ப 16 அடி உயரத்தில், பாறையிலேயே வடிக்கப்பெற்று நிற்கும் நேமிநாத பகவானைக் காணும்போது பேச்சு அடங்கிவிடுகிறது. இறங்கும்போதுதான் அது மீண்டும் தொடங்கும். அப்பொழுது நம்முள் யாரேனும் ஒருவர் கல்வெட்டுப் பாறையைச் சுட்டி, "இராசேந்திர சோழன் கங்கை வரை வென்ற செய்தி இங்கேதான் வெட்டப்பட்டிருக்கிறது" என்று சொல்லாமல் இருப்பதில்லை. அதைச் சொல்லும் குரலில் ஒரு நிமிர்வு ஏறுவதையும் பலமுறை கேட்டிருக்கிறோம். இக்கட்டுரை அந்த நிமிர்வைப் பற்றியது.

திருமலையின் பழைமை நாம் அறிந்ததே எனினும், வினாவுக்கு வேண்டிய அளவில் சிலவற்றை நினைவுகூர்வோம். மலையடியில் அமைந்த ஊரின் பழம்பெயர் வைகாவூர். சோழர் கல்வெட்டுகள் இதனைச் சயங்கொண்ட சோழ மண்டலத்துப் பங்கள நாட்டைச் சேர்ந்த முகைநாட்டுப் பள்ளிச்சந்தம் என்று குறிக்கின்றன. பள்ளிச்சந்தம் என்பது அருகன் பள்ளிக்கென்று விடப்பட்ட நிலம். அரசுக்குச் சேர வேண்டிய வருவாய் பள்ளிக்குச் சேரும்படி விடப்பட்டது. இந்தச் சிறு விவரம் பின்னர் நமக்குத் தேவைப்படும். மலையைத் தமிழில் எண்குண இறைவன் திருமலை என்றும், வடமொழியில் அருகனுக்குரிய கிரி என்றும் வழங்கினர். முதலாம் இராசராசனின் தமக்கையாகிய குந்தவையின் பெயரால் இங்குள்ள ஜினாலயம் வழங்குகிறது. அவ்வம்மையார் தாதாபுரத்தில் சிவனுக்கும் திருமாலுக்கும் எடுப்பித்த கோயில்களோடு ஒரு ஜினாலயத்தையும் எடுப்பித்தார் என்பதை அவ்வூர்க் கல்வெட்டு தெரிவிக்கிறது. 2022இல் வெளிவந்த திரைப்படத்தின் பின், குந்தவை என்னும் பெயர் நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் நன்கு பழகிவிட்டது. 'அந்தக் குந்தவையா இந்தக் குந்தவை?' என்று அவர்கள் வியந்து கேட்கையில் நமக்கும் மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது.

குகைகளைப் பற்றி ஒரு சொல். இயற்கையாகக் குடைந்து கிடந்த பாறையின் அடியில் செங்கற்சுவர் எழுப்பி, அறை அறையாகவும் அடுக்கடுக்காகவும் பிரித்திருக்கிறார்கள். குனிந்து செல்ல வேண்டிய வாயில்கள், உள்ளே குளிர்ச்சி, கண் பழகிய பின்னரே தெரியத் தொடங்கும் வண்ணங்கள். சமவசரணத்தை வட்டமாகத் தீட்டியிருக்கும் ஓவியத்தின் பெரும்பகுதி உதிர்ந்துவிட்டது. எஞ்சியதைக் கொண்டே, அறம் கேட்க வந்த உயிர்கள் அத்தனையும் பகைமறந்து தத்தம் கோட்டத்தில் அமர்ந்திருந்த அவையை மனத்தால் நிரப்பிக்கொள்ள வேண்டும். பாறையில் பார்சுவநாதர் இருக்கிறார், தருமதேவி இருக்கிறாள், கொடி சுற்றிய மேனியோடு பாகுபலி நிற்கிறார்.

இத்தனைக்கும் நடுவே அமைந்ததுதான் அந்தப் பாறைக் கல்வெட்டு. ஏறத்தாழ 1024ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஜெர்மானிய அறிஞர் ஹுல்ட்ஸ் பதிப்பித்து 1890இல் வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் இடம்பெற்றது முதல், இராசேந்திரனின் வடநாட்டுப் படையெடுப்பைப் பேசும் நூல் எதுவும் இதனை விட்டுவிட்டுச் செல்வதில்லை. தொடக்கம் முழுதும் மெய்க்கீர்த்தி. இடைதுறை நாடு, வனவாசி, கொள்ளிப்பாக்கை, மண்ணைக்கடக்கம் என்று வென்ற இடங்கள் வரிசையாக வருகின்றன. ஈழத்து அரசன் முடியும் அவன் தேவியரின் முடிகளும், பாண்டியன் அங்கு வைத்துச் சென்ற முடியும் வருகின்றன. சாளுக்கிய சயசிங்கன் முசங்கியில் முதுகிட்டது வருகிறது. வங்காள தேசத்துக் கோவிந்தசந்தன் யானையினின்று இறங்கி ஓடியதும், மகிபாலன் அஞ்சியதும் வருகின்றன. கைப்பற்றிய பொருள்களின் பட்டியலில் யானைகளும் கருவூலமும் நிற்கும் இடத்தில் பெண்டிரும் நிற்கின்றனர். இவ்வளவும் சொல்லி முடித்த பின்னரே கல்வெட்டு தான் வந்த காரியத்தைச் சொல்கிறது. மல்லியூரில் வாழ்ந்த நன்னப்பயன் என்னும் வணிகரின் மனைவி சாமுண்டப்பை, குந்தவை ஜினாலயத்தில் திருவிளக்கு எரியவும் திருவமுது படைக்கவும் காசு கொடுத்தார். செய்தி அவ்வளவே.

ஒரு விளக்குக்கும் ஒரு பிடி அமுதுக்கும் முன்னுரையாக ஒரு பெரும்போரின் வரலாறு வைக்கப்பட்டிருக்கிறது. அதுவும் யாருடைய மலையில்? தம் மணவிருந்துக்கென்று அடைத்து வைத்த விலங்குகளின் அலறலைக் கேட்டு, மணக்கோலத்தையே களைந்துவிட்டுத் துறவு பூண்ட நேமிநாதரின் மலையில்!

நாம் கேட்க விரும்பும் வினா இதுதான். கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட நாம், நம் மலையில் எழுதப்பட்ட வெற்றிச் செய்தியைப் பெருமையோடு சுட்டிக்காட்டலாமா? சுட்டிக்காட்டுவதில் வினை ஏதேனும் சேருமா?

மிகைபடக் கேட்கிறோம் என்று சிலர் எண்ணக்கூடும். ஆயிரம் ஆண்டுக்கு முன் நடந்து முடிந்த போர். நாம் வாள் எடுத்தோமா, எடுக்கச் சொன்னோமா? இல்லை. ஆயினும் நம் ஆகமம் வினை வரும் வழியை அவ்வளவு எளிதாகக் கணக்கிடவில்லை. உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயத்தில் இதனை எண்ணி வைத்திருக்கிறார். எண்ணுதல், ஆயத்தம் செய்தல், தொடங்குதல் என மூன்று. மனம், மொழி, மெய் என மூன்று. தான் செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்ததற்கு உடன்படுதல் என மூன்று. வெகுளி, செருக்கு, மாயம், பற்று என நான்கு. பெருக்கினால் நூற்றெட்டு. செபமாலையின் மணி நூற்றெட்டாக இருப்பதற்குப் பெரியோர் இதனையே காரணமாகச் சொல்வார்கள். நாள்தோறும் விரலால் உருட்டும் அந்த மணிகளில் மூன்றில் ஒரு பங்கு உடன்படுதலுக்கு உரியது என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். பிறர் செய்த கொலையைக் கேட்டு உள்ளம் பூரிப்பதும், அதனை வாயால் புகழ்வதும் அம்முப்பத்தாறனுள் அடங்கும். செயல் நேற்று நடந்ததா, ஆயிரம் ஆண்டுக்கு முன் நடந்ததா என்பதற்கு அக்கணக்கில் இடம் கிடையாது. பூரிப்பு இன்று நிகழ்கிறது. ஆகவே வினையும் இன்றையது.

இதற்குச் சொல்லப்படும் மறுமொழிகளுள் வலுவானது ஒன்று உண்டு. மெய்க்கீர்த்தி என்பது அக்காலத்து ஆவண வழக்கு. இராசராசன் காலம் முதல், சோழ நாட்டில் கோயிலுக்கு ஓர் ஆட்டைக் கொடுத்தாலும் அரசனின் வெற்றிகளைச் சொல்லிய பின்னரே ஆட்டைச் சொல்ல வேண்டும். இன்று பத்திரம் எழுதுவோர் முத்திரைத்தாளின் மேல் எழுதுவதுபோல அது. முத்திரைத்தாளில் அச்சிட்டிருப்பதற்கு நிலம் விற்றவர் பொறுப்பாவாரா? சாமுண்டப்பையார் விளக்குக்குத்தான் காசு கொடுத்தார். கங்கைப் படையெடுப்புக்கு அல்ல.

இம்மறுமொழியை நாம் முழுமனத்தோடு ஏற்கிறோம். ஆனால் சாமுண்டப்பையாரின் பொருட்டு மட்டுமே. கவனமின்மையும் கசாயமும் கூடிய மனத்தோடு உயிருக்கு ஊறு செய்வதே இம்சை என்பது நம் இலக்கணம். அவ்வம்மையாரின் மனம் அருகன் திருமுன் எரியும் விளக்கில் இருந்தது. மேலே எழுதியதைத் தேர்ந்தவர் அவரல்லர். நம் நிலை வேறு. நம்மை எந்த அரசனும் மெய்க்கீர்த்தியை முன்வைக்கக் கட்டாயப்படுத்தவில்லை. கல்வெட்டு நெடுகிலும் உள்ளவற்றுள் எதைச் சுட்டுவது என்று நாமே தேர்கிறோம். தேர்ந்து, சாமுண்டப்பையாரை விட்டுவிடுகிறோம். நம் குடும்பங்களில் இராசேந்திரனின் பெயரை அறிந்த பிள்ளைகள் எத்தனை பேர், அந்த விளக்கை ஏற்றி வைத்த அம்மையாரின் பெயரை அறிந்த பிள்ளைகள் எத்தனை பேர் என்று வீட்டிலேயே கேட்டுப் பார்க்கலாம். பெண்டிரைக் கொள்ளைப் பொருளாக எண்ணிய பாறையில், தம் பெயரோடும் ஊரோடும் கொடையாளியாக நிற்கும் ஒரு பெண்! அவரை விட்டுவிட்டு அந்தப் பட்டியலை ஒப்பிக்கிறோம்.

ஏன் இவ்வாறு நேர்கிறது என்பதையும் பரிவோடு எண்ணிப் பார்க்க வேண்டும். தமிழ்ச் சமணர் சிறுதொகையினர். "நீங்கள் சமணரா? அப்படியானால் வடநாட்டிலிருந்து எப்போது வந்தீர்கள்?" என்ற கேள்வியை அலுவலகத்தில், கல்லூரியில், வாடகைக்கு வீடு பார்க்கும் இடத்தில் எதிர்கொள்ளாதவர் நம்முள் இல்லை. ஈராயிரம் ஆண்டாக இம்மண்ணில் உழுதும் எழுதியும் வாழ்ந்தவர்களை நோக்கி இப்படிக் கேட்டால் உள்ளம் வெதும்பும். அவ்விடத்தில், தமிழர் அனைவரும் போற்றும் சோழப் பெருமையின் முதன்மைச் சான்று எங்கள் மலையில் இருக்கிறது என்று சொல்வது ஒரு தற்காப்பு. தாமும் இக்குடியினரே என்று காட்டும் சீட்டு. இதனைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. ஆனால் அயலார் நம்மை ஏற்பதற்காக அவர்கள் போற்றுவதையே நாமும் போற்றத் தொடங்கினால், நாம் யார் என்று சொல்ல வந்ததை நாமே மறைத்துக்கொள்கிறோம் அன்றோ?

அப்பெருமையில் நமக்குள்ள பங்கு எத்தகையது என்பதையும் கல்வெட்டுகளே சொல்கின்றன. மண்ணைக்கடக்கம் என்பதை இராட்டிரகூடர் தலைநகராக விளங்கிய மானியகேடம் என்று அறிஞர் கொள்வர். அமோகவருடன் ஆண்ட நகரம் அது. அம்மன்னன் ஜினசேனாசாரியரை ஆசானாகப் போற்றியவன். பத்தாம் நூற்றாண்டில் புட்பதந்தர் தம் மகாபுராணத்தை அபப்பிரஞ்ச மொழியில் பாடியதும் அந்நகரில்தான். நம் நூல்கள் பிறந்த நகரத்தின் பெயர் நம் மலையில் வீழ்ந்த ஊர்களின் வரிசையில் நிற்கிறது! இன்னொன்று இதனினும் கடுமையானது. கர்நாடகத்தில் கவரவாடு என்னும் ஊரில் 1071–72ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. பெள்வொல நாட்டில் கங்கப் பெருமானடி எடுப்பித்திருந்த ஜினாலயங்களைச் சோழன் எரித்தான் என்றும், பின்னர்ச் சாளுக்கியனோடு பொருது உயிரிழந்தான் என்றும் அது கூறுகிறது. கொப்பத்துப் போரில் 1054இல் யானைமீதிருந்தே மாண்ட இராசாதிராசனைச் சுட்டுவதாக இதனைக் கொள்வர். அவன் இராசேந்திரனின் மகன். பகைநாட்டுக் கல்வெட்டு மிகைப்படுத்தியும் எழுதும் என்பதை மறுக்கவில்லை. எனினும் மெய்க்கீர்த்தி மட்டும் மிகைப்படுத்தாது எழுதியது என்று யார் சொல்ல முடியும்? ஒரே அரசகுலத்தின் நிழலில் முகைநாட்டு ஜினாலயத்தில் விளக்கு எரிந்தது. பெள்வொல நாட்டு ஜினாலயங்களே எரிந்தன. இதற்காகச் சோழரைச் சமணப் பகைவர் என்று கூறவும் இயலாது. அவர்கள் எரித்தது பகைவர் நாட்டை. அதில் ஜினாலயமும் இருந்தது. போர் எந்தச் சமயத்தையும் கேட்டுக்கொண்டு எரிப்பதில்லை.

இல்லறத்தாருக்கு விதிவிலக்கு உண்டே என்று கற்றறிந்தோர் வினவுவர். உண்டு. சங்கல்பம், ஆரம்பம், உத்தியோகம், விரோதம் என இம்சையை நால்வகையாகப் பிரித்து, திட்டமிட்டுச் செய்யும் சங்கல்ப இம்சையை மட்டும் சிராவகன் முற்றிலும் விலக்க வேண்டும் என்றும், அடுப்பெரிப்பதிலும் உழுவதிலும் தொழிலிலும் நேர்வதையும், தன்னைத் தாக்க வந்தவனைத் தடுக்கையில் நேர்வதையும் இயன்றவரை குறைத்துக்கொண்டு வாழலாம் என்றும் ஆசிரியர் வகுத்தனர். நாட்டைக் காக்கும் அரசன் வாளெடுப்பது கடைசி வகையில் அடங்கும். கங்க நாட்டுப் படைத்தலைவராக இருந்து, சிரவணபெள்குளத்தில் கோமடேசுவரரை நிறுவிய சாமுண்டராயரும் வாழ்நாள் முழுதும் களம் கண்டவர்தாம். ஆயினும் திருமலைப் பாறை சொல்லும் போர் எவ்வகை? வங்காளத்து மகிபாலன் காவிரிக் கரையைத் தாக்க வந்தானா? கடல் கடந்தும் ஆறு கடந்தும் சென்று, தனக்கு ஒரு தீங்கும் செய்யாதவனின் கருவூலத்தையும் பெண்டிரையும் கொண்டுவருவதை விரோதம் என்னும் தலைப்பில் அடக்க நாம் எவ்வளவு முயன்றாலும் அது அடங்க மறுக்கிறது. எண்ணி, ஆயத்தம் செய்து, தொடங்கிய செயல் அது.

அனேகாந்தத்தை இவ்விடத்தில் கொண்டுவந்து, "ஒரு நோக்கில் தவறு, மற்றொரு நோக்கில் சரி, நாம் ஏன் தீர்ப்புச் சொல்ல வேண்டும்?" என்று முடித்துவிடுவோரும் உளர். அண்மைக் காலத்தில் மேடைகளில் இது மிகுதியாகக் கேட்கிறது. அனேகாந்தம் பொருளின் பல தன்மைகளை ஒன்றும் விடாது அறியச் சொல்லும் கண். கண்ணை மூடிக்கொள்ள வழங்கிய இசைவு அன்று. இராசேந்திரன் ஏரி வெட்டினான் என்பது ஒரு நயம். நிருவாகம் சிறந்தது என்பது ஒரு நயம். பள்ளிச்சந்தத்தைக் காத்தான் என்பதும் ஒரு நயம். அந்நிலத்தின் நெல்லை உண்டுதான் நம் முன்னோர் வாழ்ந்தனர் என்பதால், அப்படையின் வலிமைக்கும் நம் முன்னோர் உண்ட சோற்றுக்கும் தொடர்பே இல்லை என்று நாம் கைகழுவிவிட இயலாது. இவை அனைத்தையும் சொல்லிய பின்னும், மடிந்தவன் பக்கத்து நயம் ஒன்று எஞ்சுகிறது. மெய்க்கீர்த்தி அதனைச் சொல்லாது. அதனையும் சேர்த்து அறிவதற்கே நமக்கு அனேகாந்தம் தரப்பட்டது.

ஆதிபுராணத்தில் வரும் ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. அமோகவருடன் காலத்தில் வாழ்ந்த ஜினசேனர் அதனை விரித்துரைக்கிறார். ஆறு கண்டங்களையும் வென்ற பரத சக்கரவர்த்தி, தன் வெற்றியைப் பொறித்து வைக்க விருசபாசலம் என்னும் மலைக்குச் செல்கிறான். தன்னைப்போல் வென்றவர் வேறொருவர் இல்லை என்னும் எண்ணத்தோடு சென்றவன் அங்குக் கண்டது, தனக்கு முன் உலகை வென்ற எண்ணற்ற சக்கரவர்த்திகளின் பெயர்களை. மலை முழுதும் எழுத்து. தன் பெயரை எழுத வெற்றிடம் இல்லை. நாணமுற்ற பரதன், முன்னவன் ஒருவன் பெயரை அழித்துவிட்டுத் தன் பெயரை எழுதினான். பின்வருபவன் தன் பெயரை அழிப்பான் என்பதை அறிந்தே எழுதினான். தலைநகர் திரும்பியபோது சக்கரம் நகருக்குள் நுழையவில்லை. தம்பி பாகுபலி பணியவில்லை. அமைச்சர்கள் கூடி, இரு படைகளும் மாளவேண்டாம், நீங்கள் இருவருமே பொருது முடித்துக்கொள்ளுங்கள் என்று வேண்டினர். கண்ணால் நோக்கும் போர், நீர்ப்போர், மற்போர் மூன்றிலும் வென்றவன் பாகுபலி. வென்ற அந்த நொடியில், தோற்ற அண்ணன் முறை தவறிச் சக்கரத்தை ஏவக் கண்டு, நாடு என்னும் பொருள் ஒருவனை என்ன செய்துவிடும் என்பதை உணர்ந்து, அனைத்தையும் விட்டுக் காட்டுக்குச் சென்றான். ஸ்ரீபுராணம் படிக்கக் கேட்டு வளர்ந்த நம் வீட்டு முதியோர் இக்கதையைச் சொல்லும்போது, கொடிகள் அவன் மேனியில் படர்ந்த இடத்தில் குரலைத் தாழ்த்துவார்கள்.

அந்தப் பாகுபலிதான் திருமலைக் குகையில் நிற்கிறார். வெற்றிக் கல்வெட்டிலிருந்து அவர் நிற்கும் இடத்துக்குச் சில நிமிட நடை. வென்றும் வேண்டாம் என்றவர் பாறைக்குள் இருக்கிறார். வென்றதை எழுதியது வெளியே வெயிலில் கிடக்கிறது. இதனைத் திட்டமிட்டு அமைத்தார்கள் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அங்கு வாழ்ந்த துறவியர் இரண்டையும் நாள்தோறும் கண்டனர். கல்வெட்டை வெட்டவேண்டாம் என்று தடுக்கும் வலிமை அவர்களுக்கு இருந்திருக்காது. அதனைப் பாராட்டித் தம் நூல்களில் பாட வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

அதே மலையடியில் இராசராசனின் 21ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த வேறொரு கல்வெட்டு உள்ளது. குணவீர மாமுனிவர் ஒரு கலிங்கு அமைத்து, அதற்குக் கணிசேகர மருபொற்சூரியன் என்று தம் ஆசிரியரின் பெயரை இட்ட செய்தி அது. வைகை மலையின் இருபுறமும் நெல் விளைந்த காட்சியை அக்கல்வெட்டு சொல்கிறது. இதுவும் முற்றிலும் தூயது என்று சொல்லிவிட முடியாது என்பதை நாம் அறிவோம். மண்ணைத் தோண்டுவதிலும் நீரைத் தேக்குவதிலும் உழுவதிலும் எத்தனை நுண்ணுயிர்! மகாவிரதி ஒருவர் இதனை எவ்வாறு செய்வித்தார் என்று நுணுகிக் கேட்டால் விடை எளிதன்று. இருப்பினும் ஊரார் உண்பதற்கு விளைவது வேறு. உடன் வாழ்வான் ஒருவன் ஊரைப் பாழாக்குவது வேறு. ஆரம்ப இம்சையைத் தவிர்க்க முடியாத இல்லறத்தான் அதனை எண்ணி வருந்துகிறான், கழுவாய் செய்கிறான். படையெடுப்பைப் போற்றும்படி அவனை எவரும் வற்புறுத்தவில்லை. தானே விரும்பிப் போற்றினால் வருந்துவதற்கும் அவனிடம் எதுவும் எஞ்சாது.

அப்படியானால் பாறையை மூடி வைத்துவிடலாமா என்று இளைஞர் ஒருவர் நம்மைக் கேட்டார். கூடவே கூடாது. அறிதல் வேறு, உடன்படுதல் வேறு. அனைத்தையும் அறிந்தும் எதிலும் தோயாத அறிவையே நாம் கடவுள் தன்மை என்று வணங்குகிறோம். தமிழக வரலாற்றுக்கு அக்கல்வெட்டு தரும் சான்று விலைமதிப்பற்றது. தொல்லியல் துறை அதனைக் காப்பதும், பிள்ளைகள் அதனைப் படிக்கக் கற்பதும் வேண்டும். எப்படிப் படிப்பது என்பதில்தான் நம் அக்கறை. மெய்க்கீர்த்தியோடு நிறுத்திவிடாமல் கடைசி வரிகள் வரை படிக்கட்டும். மானியகேடம் யாருடைய நகரம் என்று சொல்லிக் கொடுப்போம். கவரவாட்டுக் கல்வெட்டையும் சேர்த்தே சொல்வோம். பெண்டிரைக் கொண்டுவந்தான் என்னும் இடத்தில் பெண் குழந்தை நிமிர்ந்து பார்த்தால், அதனைத் தாண்டிப் போய்விடாமல் நின்று விடை சொல்வோம்.

கோடையில் மலைக்கு அழைத்துச் செல்வோர் ஒரு சிறு மாற்றம் செய்து பார்க்கலாம். அடிவாரத்தில் கலிங்குக் கல்வெட்டைச் சொல்லித் தொடங்கலாம். ஊரைச் சுற்றியுள்ள கழனிகள் அப்போது கண்ணெதிரே இருக்கும். அதன்பின் சாமுண்டப்பையாரின் விளக்கைச் சொல்லலாம். சம்புவராயர் காலத்தில் இங்குப் பொன்னெயில்நாதர் திருவுருவை எழுந்தருளுவித்த பொன்னூர் நல்லாத்தாளையும் சொல்லலாம். எழினி என்னும் சேரர் குலத்தான் செய்வித்த இயக்கர் இயக்கியர் படிமங்கள் சிதைந்தபோது, அவன் வழியில் வந்த விடுகாதழகிய பெருமாள் அவற்றைச் செப்பனிட்டு இம்மலையில் எழுந்தருளுவித்தான் என்பதையும் சொல்லலாம். இத்தனைக்கும் பின்னர், இந்த விளக்கு எரிந்த காலத்தில் நாட்டில் வேறு என்ன நடந்தது என்று பிள்ளைகளே கேட்பார்கள். அப்பொழுது பாறையைக் காட்டி இராசேந்திரனைச் சொல்லலாம். சொல்லிவிட்டு, பாகுபலி நிற்கும் குகைக்குள் குனிந்து நுழையலாம்.